உண்மையான இங்கிலீஷ் டீச்சர் எப்போ வருவாங்க?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், கம்யூனிட்டி ஹாலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



லிப்ட் பராமரிப்பு, தண்ணீர் மீட்டர், விசிட்டர் பார்க்கிங் என்று மூன்று பெரிய விஷயங்களை முடித்துவிட்டு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். டீ வருகிற வரைக்கும் பேசலாம் என்று செயலாளர் அனுமதி கொடுத்திருக்கிறார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வேறு நாட்டுக்குப் போய் இங்கிலீஷ் சொல்லித் தருகிற ஆசிரியர்களைப் பற்றியும், அவர்களை மாணவர்கள் எந்தக் கண்ணோடு பார்க்கிறார்கள் என்பதைப் பற்றியும் பேசப் போகிறேன். அபார்ட்மெண்ட் கூட்டத்தில் இது எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டு காரணங்கள் இருக்கின்றன. நம் பிளாக்குகளில் மூன்று நான்கு இளைஞர்கள் ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழ் படிப்பை முடித்துவிட்டு கொரியா, தாய்லாந்து, வியட்நாம் என்று வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். இது முதல் காரணம். இரண்டாவது காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்காகத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன்.

தென் கொரியாவில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் இரண்டு வருடம் துணை ஆங்கில ஆசிரியையாக வேலை பார்த்தேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே இங்கிலீஷ் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1997 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலப் பாடம் தொடங்கிவிடுகிறது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் 'ஹாக்வொன்' என்ற தனியார் டியூஷன் சென்டருக்கு ஓடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் முடிவாக 'சுனுங்' என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. அதில் ஆங்கிலத்துக்கு 45 கேள்விகள். அவற்றில் 17 கேள்விகளை ஒலிபெருக்கியில் கேட்டுப் பதில் எழுத வேண்டும். அந்தக் கேட்டல் தேர்வையொட்டி 35 நிமிடம் நாடு முழுக்க விமானங்கள் ஏறவோ இறங்கவோ கூடாது. சத்தம் வந்து ஒரு பிள்ளைக்கு ஒரு வார்த்தை தவறிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. நீட், ஜேஇஇ என்று அலைகிற நமக்கு அந்தப் பதற்றம் நன்றாகவே புரியும்.

அந்தத் தேர்வில் ஒலிக்கிற குரல்கள் பெரும்பாலும் அமெரிக்க உச்சரிப்பு. டியூஷன் சென்டர் விளம்பரத்தில் சிரிக்கிற முகமும் பெரும்பாலும் வெள்ளைக்காரர் முகம். இப்படி வளர்ந்த பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முன்னால், புடவை கட்டாவிட்டாலும் பார்த்தவுடன் இந்தியாக்காரி என்று தெரிகிற ஒருத்தி போய் நின்று 'குட் மார்னிங்' சொன்னால் என்ன நடக்கும்? ஒரு மாணவி கையைத் தூக்கினாள். கொரிய மொழியில் ஏதோ கேட்டாள். கூட இருந்த கொரிய ஆசிரியர் மொழிபெயர்க்கத் தயங்கினார். பரவாயில்லை, சொல்லுங்கள் என்றேன். "உண்மையான இங்கிலீஷ் டீச்சர் எப்போ வருவாங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

அந்தப் பெண்ணுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவளுக்கு வந்தது நிஜமான சந்தேகம். அந்தச் சந்தேகத்தை அவள் தானாக உண்டாக்கவும் இல்லை. அவளுக்கு முன்பே அவளுடைய அரசாங்கம் அதைச் சட்டத்தில் எழுதி வைத்திருந்தது. கொரியாவில் மொழி ஆசிரியர்களுக்குக் கொடுக்கிற விசாவுக்கு இ-2 என்று பெயர். ஆங்கிலம் கற்பிக்க அந்த விசா ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான் பொதுவாகக் கிடைக்கும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா. மூன்று தலைமுறையாக வீட்டிலேயே ஆங்கிலம் பேசுகிற சிங்கப்பூர்க்காரர் அந்தப் பட்டியலில் இல்லை. ஜமைக்காக்காரரும் இல்லை. பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்து நாக்கை அளக்கிற முறை அது. இந்தியர்களுக்கு ஒரு சின்னக் கதவு எப்படித் திறந்தது என்றால், இரு நாடுகளுக்கும் இடையே 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த பொருளாதார ஒப்பந்தத்தால். பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றும் இருக்கிற இந்தியர்கள் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராக வரலாம் என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. நான் போனதும் அந்தக் கதவு வழியாகத்தான்.

பெரியவர்கள் இப்படி வரிசை போட்டு வைத்தால், பிள்ளைகள் அந்த வரிசையைத்தான் மனப்பாடம் செய்வார்கள்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டியலில் இருக்கிற ஏழு நாட்டுக்காரர்களும் தப்புவதில்லை. லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து, ஆங்கிலம் தவிர வேறு எதுவும் சரியாகப் பேச வராத கொரிய வம்சாவளி அமெரிக்கர்கள் அங்கே வந்து வேலை பார்க்கிறார்கள். முகம் கொரிய முகம் என்பதால், அவர்கள் பேசுவது அசல் இங்கிலீஷ்தானா என்ற சந்தேகம் மாணவர்களுக்கும் வருகிறது, பெற்றோருக்கும் வருகிறது. கறுப்பின அமெரிக்கர்களுக்கு நேர்காணல் வரைக்கும் வருவதே கஷ்டம். விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்கிற வழக்கம் எதற்கு என்று நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்காரர்களுக்கு முகத்துக்காகவே வேலை கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் அவர்களில் பலர், "எங்களை ஆசிரியராக நினைப்பதில்லை, பேசுகிற பொம்மையாக நினைக்கிறார்கள்" என்று அலுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் நடந்தது. 2007-இல் கொரிய அரசு, வெளிநாட்டு மொழி ஆசிரியர்கள் எச்.ஐ.வி. பரிசோதனையும் போதைப்பொருள் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அதே பள்ளியில் வேலை பார்க்கிற கொரிய ஆசிரியர்களுக்கு அந்த விதி கிடையாது. நியூசிலாந்தைச் சேர்ந்த ஒரு ஆசிரியை மறுபடியும் பரிசோதனைக்குப் போக மறுத்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் விடவில்லை, ஐக்கிய நாடுகளின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு வரைக்கும் போனார். 2015-இல் அந்தக் குழு அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொன்னது. 2017-இல் எச்.ஐ.வி. பரிசோதனை விதி நீக்கப்பட்டது. பத்து வருடம் அந்த விதி இருந்தது. அந்தப் பத்து வருடமும் பள்ளிக்கூடம் படித்த பிள்ளைகள், வெளிநாட்டு டீச்சர் என்றால் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டிய ஆள் என்பதையும் சேர்த்துத்தானே படித்திருப்பார்கள்?

சரி, "முன்முடிவு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பாடம் பாடம்தானே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ரூபின் 1992-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். 62 மாணவர்களுக்கு ஒரு பாட உரையை ஒலிநாடாவில் போட்டுக் காட்டினார். பேசியவர் ஒஹையோ மாநிலத்தில் வளர்ந்த அமெரிக்கப் பெண். கேட்கிறபோது சிலருக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையும், சிலருக்கு ஓர் ஆசியப் பெண்ணின் படத்தையும் காட்டினார். ஒரே குரல், ஒரே நாடா. ஆனால் ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்கு இல்லாத வெளிநாட்டு உச்சரிப்பு காதில் விழுந்தது. அதைவிட முக்கியம், பாடத்தில் என்ன இருந்தது என்று சோதித்தபோது அவர்களுக்குக் குறைவாகவே நினைவிருந்தது.

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். முன்முடிவால் ஆசிரியரின் மனம் புண்படுகிறது என்பது ஒரு பக்கம். மாணவனின் காது அடைத்துப்போகிறது என்பது இன்னொரு பக்கம். ஃபீஸ் கட்டுகிறவர் நீங்கள். நஷ்டம் உங்கள் பிள்ளைக்கு.

நம் பக்கத்து நாட்டுக்காரர்கள் இருவர் இந்த விஷயத்தில் உலகமே மதிக்கிற வேலை செய்திருக்கிறார்கள். ஜார்ஜ் பிரெய்ன் இலங்கைக்காரர். அமெரிக்காவில் படித்துக்கொண்டே பாடம் நடத்தியபோது, அவருடைய உச்சரிப்பைக் காரணம் காட்டி மாணவர்கள் வேறு வகுப்புக்கு மாற்றம் கேட்டார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு ஹாங்காங்கில் பேராசிரியரானார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஆங்கில ஆசிரியர்களுக்கென்று, டெசால் என்ற சர்வதேச ஆசிரியர் அமைப்புக்குள் 1998-இல் ஒரு தனிக்குழு உருவாக முன்நின்றார். இன்னொருவர் சுரேஷ் கனகராஜா. யாழ்ப்பாணத் தமிழர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர், இன்று அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர். அந்த டெசால் அமைப்பின் ஆய்விதழுக்கே ஆசிரியராக இருந்தவர். ஆங்கிலம் யாருடைய சொத்து என்ற கேள்வியைக் கேட்டு உலகம் முழுக்க ஆசிரியர்களை யோசிக்க வைத்தவர்களில் ஒரு தமிழரும் இருக்கிறார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இப்போது வெளிநாடு போகத் தயாராகிற பிள்ளைகளுக்கு, எனக்கு வகுப்பில் எது உதவியது என்று சொல்கிறேன்.

முதலாவது, உள்ளூர் ஆசிரியரின் வாய்ச்சொல். கொரியாவில் வயதுக்கும் பதவிக்கும் மரியாதை அதிகம். "இவர் இந்தியாவில் இத்தனை வருடம் பாடம் நடத்தியவர், இவரை ஆசிரியர் என்றுதான் கூப்பிட வேண்டும்" என்று கொரிய ஆசிரியர் ஒரு நிமிடம் அறிமுகம் செய்த வகுப்புகளில் எனக்குப் பாதி வேலை குறைந்தது. அறிமுகமே இல்லாமல் தள்ளிவிடப்பட்ட வகுப்புகளில் ஒரு மாதம் போராட்டம். அதனால் முதல் நாளே அந்த ஒரு நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள். தயங்காதீர்கள்.

இரண்டாவது, நம் பலவீனம் என்று நினைப்பதையே பாடமாக்குவது. கொரிய மொழியிலும் நம் தமிழைப் போலவே, 'ஃபேன்' என்பதில் வருகிற அந்த முதல் ஒலி கிடையாது. நாம் காப்பி என்கிறோம், அவர்கள் 'கொப்பி' என்கிறார்கள். நாம் பஸ்ஸு என்று கடைசியில் ஓர் உகரம் போடுகிறோம். அவர்களும் பஸ்ஸின் கடைசியில் அதே மாதிரி ஓர் உயிரொலி சேர்க்கிறார்கள். "என் ஊரிலும் இப்படித்தான் சொல்வார்கள், நான் இப்படித்தான் பழகி மாற்றிக்கொண்டேன்" என்று கீழுதட்டைப் பல்லால் கடித்துக் காட்டினேன். வகுப்பே சிரித்துக்கொண்டு உதட்டைக் கடித்தது. பிறவியிலேயே அந்த ஒலி வருகிறவருக்கு, அது ஏன் இன்னொருவருக்கு வரவில்லை என்பது சீக்கிரம் புரியாது. தாண்டி வந்தவருக்குத்தான் பள்ளம் எங்கே என்று தெரியும். கூடவே, அப்பாவை அவர்களும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று சொன்ன அன்றைக்கு நான் பாதி கொரியாக்காரி ஆகிவிட்டேன்.

மூன்றாவது, குரல் விளையாட்டு. ஆறு பேர் ஒரே பத்தியைப் படிக்கிற பதிவைப் போட்டு, யார் எந்த ஊர், யார் ஆசிரியர் என்று ஊகிக்கச் சொல்வேன். பிறகுதான் படங்களைக் காட்டுவேன். வாயடைத்துப்போவார்கள். நான் உபதேசம் எதுவும் செய்ய வேண்டியதே வராது.

நான்காவது, ஒரு கோடு. கேள்வி கேட்கலாம், கேலி செய்யக் கூடாது. "தினமும் கறிதான் சாப்பிடுவீங்களா? நெத்தியில பொட்டு எதுக்கு? வெயில்லயே இருந்ததால இந்த நிறமா?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என்னை மாதிரி பேசிக் காட்டிச் சிரித்தால் பாடம் நிற்கும். இந்தக் கோட்டை முதல் வாரத்திலேயே போட வேண்டும்.

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். கடைசி பெஞ்சில் ஒரு பையன் இரண்டு வருடமும் என்னிடம் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசவில்லை. ஒரு பெற்றோர் பள்ளிக்கு போன் செய்து, ஏன் அமெரிக்கரைப் போடவில்லை என்று கேட்டது எனக்குத் தெரியும். ஆனால் "உண்மையான டீச்சர் எப்போ?" என்று கேட்ட பெண், அடுத்த வருடம் ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்குத் தன்னைத் தயார் செய்ய என்னைத்தான் தேடி வந்தாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வேலை தேடுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. டூரிஸ்ட் விசாவில் வந்து சேருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் போகாதீர்கள். பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரையும் போலீஸ் சான்றும் வாங்கவே நாளாகும், முன்கூட்டியே தொடங்குங்கள். சில நாடுகளில் ஒரே வேலைக்கு நாட்டைப் பார்த்துச் சம்பளம் போடுகிறார்கள். தாய்லாந்தில் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களுக்கு வெள்ளைக்காரர்களைவிடக் குறைவாகக் கொடுப்பது ஊரறிந்த விஷயம். கையெழுத்துப் போடுமுன் கேட்டுவிடுங்கள்.

கொரியாவைப் பற்றிக் குறையாகவே பேசிவிட்டேன் என்று தோன்றலாம். அதனால் நல்லது ஒன்றையும் சொல்கிறேன். அங்கே கிரேயான் பெட்டியில் இளம் பீச் நிறத்துக்கு 'சால்செக்' என்று பெயர் இருந்தது. தோல் நிறம் என்று அர்த்தம். எங்கள் தோல் மட்டும் தோல் இல்லையா என்று வெளிநாட்டுத் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். 2002-இல் தேசிய மனித உரிமை ஆணையம் பெயரை மாற்றச் சொன்னது. கடினமான ஒரு சீன வழிச் சொல்லைப் போட்டு மாற்றினார்கள். அப்போது சில கொரியச் சிறுவர்கள், "இந்தப் பெயர் எங்களுக்குப் புரியவில்லை" என்று 2004-இல் அதே ஆணையத்துக்கு மனுக் கொடுத்தார்கள். 2005-இல் அது 'சால்குசெக்' ஆனது. சர்க்கரை பாதாமி என்று நாம் சொல்கிற ஆப்ரிகாட் பழத்தின் நிறம். அன்றிலிருந்து அங்கே அந்த கிரேயான் ஒரு பழத்தின் பெயரோடு இருக்கிறது.

இப்போது நம் வீட்டு கிரேயான் பெட்டிக்கு வாருங்கள். "ஸ்கின் கலர் குடு" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்களே, எந்த நிறத்தை எடுக்கிறார்கள்? நம் வீட்டில் யாருடைய தோல் அந்த நிறத்தில் இருக்கிறது?

இதுதான் நான் சொன்ன இரண்டாவது காரணம். நம் குடியிருப்பில் மணிப்பூரிலிருந்து வந்த ஒரு ஆங்கில ஆசிரியை வாடகைக்கு இருக்கிறார். பக்கத்துப் பள்ளியில் வேலை. நம் பிள்ளைகள் பலர் அவரிடம் படிக்கிறார்கள். சாயங்காலம் பிளே ஏரியாவில் அவர் நடந்து போனால் 'சைனீஸ் மிஸ்' என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. அவர் பேசுவதைப் பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள். கொஞ்ச நாளாக அவர் பின்பக்க கேட் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். "குழந்தைகள்தானே, பெரிதுபடுத்த வேண்டாம்" என்றார். நான் பெரிதுபடுத்துகிறேன். அவர் வெளிநாட்டுக்காரர்கூட இல்லை. ரேஷன் கார்டிலிருந்து ஓட்டுரிமை வரைக்கும் நமக்கு இருக்கிற எல்லாம் அவருக்கும் உண்டு.

கொரியப் பெற்றோரைப் போலவே நம் வாட்ஸ்அப் குழுவிலும், "ஆன்லைன் இங்கிலீஷ் கிளாஸ் வேண்டும், ஃபாரின் டீச்சரா இருந்தா பெட்டர்" என்று செய்திகள் வருகின்றன. யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. பிள்ளைக்கு நல்லது வேண்டும் என்கிற ஆசைதான் அது. ஆனால் அந்தச் செய்தியைப் பிள்ளையும் பார்க்கிறது.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று. "மிஸ் பேசுறது காமெடியா இருக்கு" என்று பிள்ளை வீட்டுக்கு வந்து சொன்னால், நீங்களும் சேர்ந்து சிரித்துவிடாதீர்கள். "இன்றைக்கு மிஸ் என்ன சொல்லிக் கொடுத்தார்?" என்று கேளுங்கள். பதில் வந்தால் பாடம் நடந்திருக்கிறது. வராவிட்டால், மிஸ் மேல் குறையா, காது மேல் குறையா என்று பிறகு பார்க்கலாம்.

இரண்டு. டியூஷனுக்கு ஆள் தேடும்போது நாட்டைக் கேட்காதீர்கள். என்ன படித்திருக்கிறார், எத்தனை வருடம் கற்பித்திருக்கிறார், பிள்ளை எழுதுவதைத் திருத்திக் கொடுப்பாரா என்று கேளுங்கள்.

மூன்று. அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இதே ஹாலில் பிள்ளைகளுக்கு நான் அந்தக் குரல் விளையாட்டை நடத்தப் போகிறேன். அந்த மணிப்பூர் ஆசிரியையும் ஒரு மணி நேரம் கதை வாசிக்கச் சம்மதித்திருக்கிறார். பிள்ளைகளை அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் வந்து பின்வரிசையில் உட்காருங்கள். முடிந்து போகும்போது அவரை 'மிஸ்' என்று மட்டும் கூப்பிட்டு நன்றி சொல்லச் சொல்லுங்கள். அவர் வீட்டுக்கு முன்பக்க கேட் வழியாகவே போகட்டும்.

டீ வந்துவிட்டது.